தேதி மட்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று அக்காவிடம் சொல்லாதது: அப்பா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அவள் பெங்களூரிலிருந்து நான் வேலை பார்க்கும் அச்சுக்கடை எண்ணுக்கு அழைத்தாள். மாதத்துக்கு ஒரு முறை, கடை முதலாளி அண்ணாச்சி மதியம் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அழைப்பாள். வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். இருக்காங்க என்றேன். அப்பா? ம், என்றேன். "இல்ல, மூணு நாளா..." என்று ஆரம்பித்து, "சரி விடு" என்று முடித்துவிட்டாள். அவளுக்கு எப்படி மூன்று நாள் கணக்குத் தெரிந்தது என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆறு வருடத்துக்கு முன் அவள் கூட வேலை பார்த்த ஜோயலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "நான் செத்த பிறகு இந்த வாசலை மிதிச்சாப் போதும்" என்றார். அப்பா முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். ஒருவரை இறக்கி விட்டால் விட்டதுதான்.

அவர் ஓடிய தடம் கோவில்பட்டி - திருநெல்வேலி. எங்கள் இருவருக்கும் அந்தத் தடத்தின் இரண்டு முனையில் இருக்கும் அம்மன்களின் பெயர். அக்கா காந்திமதி, திருநெல்வேலி. நான் செண்பகவல்லி, கோவில்பட்டி. நான் ஏறின இடத்திலேயே இருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

அம்மாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய, கெடு முடிந்த புத்தகங்கள் மூன்று. அப்பாவின் கால் வீக்கம் குறையவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருதயம் தளர்ந்திருக்கிறது, சிறுநீரகமும் ஒத்துழைக்கவில்லை என்றார். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. கடைக்குப் போனேன்.

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிக்கிறோம். எழுத்து கோப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலை. சில குடும்பங்கள் ஆள் இருக்கும்போதே வந்துவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஃபோட்டோவைக் கொடுத்து, "எல்லாம் போட்டு வச்சிருங்க, தேதி மட்டும் சொல்லுதோம்" என்பார்கள். அந்த வேலைகளைப் போட்டு வைக்கும் ஃபோல்டருக்குப் பெயரே 'தேதி மட்டும்'.

இன்று அதில் அப்பாவின் போஸ்டரைப் போட்டு வைத்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் வேறு யாரும் அதைச் செய்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆவுடையப்பன் என்பதை ஆவுடயப்பன் என்று அடித்துவிடுவார்கள். படத்தை இழுத்து முகத்தை அகலமாக்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற அன்று காக்கிச் சட்டையும் தோள்பையுமாக எடுத்த படத்தை வைத்தேன். தோற்றம் 12.6.1957. மறைவு என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

கீழே, வருந்துவோர் பெயர்கள். மனைவி கோமதி. அடுத்து 'மகள்கள்' என்று அடித்தேன். பிறகு 'கள்' என்பதை அழித்துவிட்டு என் பெயரை மட்டும் போட்டேன். அப்பா அப்படித்தான் விரும்புவார். இடமும் போதவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

முதலில் வந்தவர் வேலாயுதம் மாமா. அப்பாவோடு பத்து வருடம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மாமா மாடிப்படி ஏறி வந்தார். கையில் பிளாஸ்டிக் பைக்குள் ரோஜா மாலை. அம்மா இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் இட்லியையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் அப்படியே இரண்டு படி பின்னால் இறங்கிவிட்டார்.

எனக்கு வாட்ஸ்அப் கிடையாது, ஃபேஸ்புக் கிடையாது. ஊரெல்லாம் காலை ஒன்பது மணிக்கே அழுது முடித்த செய்தி, பத்தரைக்கு மாலையாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. மாமா தன் ஃபோனைக் காட்டினார். என் போஸ்டர். மறைவு 7.2 என்று தேதி போட்டிருந்தது.

அண்ணாச்சி செய்தது. கெட்ட எண்ணமில்லை. நேற்று நான் பாதியில் கிளம்பிவிட்டேன், இன்று வரவில்லை, ஆஸ்பத்திரியில் ஃபோனை அணைத்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தவர் ஃபைலைப் பார்த்திருக்கிறார். மாமாவின் ஃபோனிலிருந்து கூப்பிட்டபோது, "நீ வரல, ஃபோன் எடுக்கல, ஃபைல் தயாரா இருக்கு. நான் என்னம்மா நினைக்க? நம்ம கடைப் பிள்ளை வீட்டுத் துக்கம், நாமளே போடலைன்னா எப்படின்னு..." என்றார். வியாபாரிகள் குழு, டிப்போ குழு, பள்ளிக்கூடக் குழு, எல்லாவற்றிலும் போய்விட்டது. மறுப்பை நானே எழுதி மாமா ஃபோனிலிருந்து அனுப்பினேன்: 'திரு. ஆவுடையப்பன் அவர்கள் நலமாக உள்ளார். வெளிவந்தது தவறான செய்தி. யாரும் பகிர வேண்டாம்.' அண்ணாச்சி அதை எல்லாக் குழுவிலும் போட்டார். மாமா அந்த மாலையை ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றரைக்குத்தான் என் ஃபோனை உயிர்ப்பித்தேன். அக்காவிடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள். பதினைந்தாவது உடனே வந்தது.

"எப்ப எடுக்காங்க?" என்றாள்.

பின்னால் பஸ் இரைச்சல். நாமக்கல் தாண்டிவிட்டாளாம். எப்படியும் ஒன்பது மணி ஆகிவிடும், நான் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு பெரியப்பாட்ட சொல்லு, என்று மூச்சு விடாமல் பேசினாள். யாரோ பள்ளித் தோழியின் ஸ்டேட்டஸில் பார்த்திருக்கிறாள்.

தவறு கண்ட இடத்தில் திருத்துவது என் தொழில். "அக்கா, அப்பா இருக்காங்க. அது தப்பாப் போயிருச்சு" என்றேன்.

பிறகு கேட்டாள். "நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. அவள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குவாள். "அப்ப நான் வரக் கூடாதுல்ல" என்றாள்.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பாதித் தூரம் வந்துவிட்டாய், வா என்று. அல்லது, அப்பா நல்லா இல்லை, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று. நான் பெஞ்சின் ரெக்ஸின் கிழிசலை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

"அதுல என் பேரும் இல்ல, பாத்தேன்" என்றாள். "கரூர்ல இறங்கிக்கிடுதேன்."

பிப்ரவரி 8, சனி

அப்பாவுக்கு மூச்சு சீரானது. தனி அறைக்கு மாற்றினார்கள். கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்ததும் கேட்ட முதல் பொருள் ஃபோன். அம்மா அதைத் தன் சேலை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். டவர் இல்லை, சார்ஜ் இல்லை என்று இரண்டு பொய் சொல்லிப் பார்த்தாள். "தொலைச்சிட்டியா, அதையாவது சொல்லு" என்றார். கொடுத்துவிட்டாள்.

தன்னுடைய கண்ணீர் அஞ்சலியை அவர் டிக்கெட் கணக்கு எழுதிய டிரிப் ஷீட்டைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார். கீழே வந்திருந்த செய்திகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். "ஆழ்ந்த இரங்கல்னு நாப்பத்தொம்பது பேரு. இந்த ராமையா ஒரு கும்பிடு பொம்மையோட நிறுத்திக்கிட்டான். சோம்பேறிப் பய" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து இருமல் வந்துவிட்டது.

"நீ போட்டதா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு பிழை இருக்கு."

நான் பதறி எழுத்துகளைப் பார்த்தேன். ஒற்று மிகுந்திருக்கிறதா, பிறந்த வருடம் மாறிவிட்டதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"பெரியவ பேரு எங்கட்டி?" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா காலையில் என்னைத் தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னார். முகத்தைத் துடைத்து, திருநீறு பூசி, ஃபோனைக் கை நீட்டிப் பிடித்துத் தன்னையே படம் எடுத்தார். அதன் கீழ் ஒரே ஒரு சொல் போட்டார்: நலம். ஸ்டேட்டஸாக வைத்தார். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். "இருபத்திரண்டு பேர் ஏறியாச்சு... முப்பத்தெட்டு..." ஒரு கட்டத்தில் கண் மங்கி, ஃபோனை என்னிடம் நீட்டி, "திருநெல்வேலி ஏறியாச்சா பாரு" என்றார்.

டிப்போ ஆள் யாரோ என்று நினைத்தேன். பட்டியலில் 'திருநெல்வேலி' என்று ஒரு பெயர் இருந்தது. ஏறியாச்சு என்றேன். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சார்ஜ் போட எடுத்துப் போனபோது அந்தப் பெயரைத் தொட்டேன். உள்ளே அக்காவின் எண் இருந்தது.

அம்மாவை வராந்தாவுக்கு இழுத்து வந்து கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஆறு வருசமா நடக்குது. தினமும் காலைல ஆறு மணிக்கு இவுக வாசலையோ செடியையோ பிடிச்சுப் போடுவாக. அவ ஆறே காலுக்குள்ள பாத்துருவா. ஒரு வார்த்தை பேசிக்கிட மாட்டாக. அவ பேரு வந்த பிறகுதான் இவுக காப்பி குடிப்பாக. உனக்குத்தான் தெரியாது. நீதான் அந்தச் சனியனே வேண்டாம்னுட்டியே."

அப்பா காலையில் ஃபோனும் கையுமாக வாசலில் நிற்பதை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். 'ஊருக்கே கோலம் காட்டியாகணுமா?' என்பேன். அவர் ஃபோனைப் பார்த்தபடி நிற்பார். நான் உள்ளே போய்ப் படிப்பேன். கடிதங்களாலேயே ஆன நாவல்கள் எனக்குப் பிடிக்கும்.

அவர் ஃபோனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். கோலம், மழை ஈரம் படிந்த படி, செம்பருத்தி, பால் பாக்கெட், பூனை, குனிந்து வாசல் தெளிக்கும் அம்மாவின் முதுகு. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை எடுத்திருக்கிறார். ஒரு படத்தில் என் செருப்பு இருக்கிறது. நான் ஒன்றில்கூட இல்லை. என்னைப் படம் எடுக்க நான்தான் யாரையும் விடமாட்டேனே.

பிப்ரவரி இரண்டிலிருந்து ஒரு வாரம் படமே இல்லை. அக்கா சொல்லி முடிக்காமல் விட்ட 'மூணு நாள்' அதன் தொடக்கம்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். தேறியதால் சொல்கிறார்களா, முடியாததால் சொல்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலை ஆறு மணி, வாசல், அம்மாவின் நாலு புள்ளிக் கோலம். ஆறு பத்துக்கு 'திருநெல்வேலி'. அப்பா காப்பி கேட்டார். டாக்டர் அரை டம்ளர்தான் சொல்லியிருக்கிறார்.

நூலகத்தில் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு எதுவும் எடுக்காமல் வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மா முறத்தில் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கால் விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வீங்கிய காலில் நகம் வெட்டுவது கடினம், சதை மேலேறி நிற்கும். அப்பா மேலே விசிறியைப் பார்த்தபடி, "அவளை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

நான் நகவெட்டியை நிறுத்தினேன்.

"நான் சொன்னேன்னு சொல்லாத. நீயாச் சொல்லுத மாதிரி சொல்லு."

"சரிப்பா" என்றேன்.

அம்மா மாத்திரை அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அதன்பின் எண்ணிக்கையை மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள்.

மாலை அக்காவை அழைக்க ஃபோனை எடுத்தேன். அவள் அலுவலகத்தில் இருப்பாள். வார நாளில் சொன்னால் பதறிக்கொண்டு லீவு கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசலாம்.

இரண்டு நாளாக அப்பா நான் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுகிறார். இன்று முழுக் கிண்ணம்.

பிப்ரவரி 14, வெள்ளி

கடையில் முகூர்த்த வேலை. எட்டுப் பத்திரிகை. ஒன்றில் மணமகனின் தாத்தா பெயரை விட்டுவிட்டேன், அண்ணாச்சி கண்டுபிடித்தார். இதுவரை அப்படி நடந்ததில்லை.

சாயங்காலம் அப்பா வாசலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நானும் அம்மாவும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். விளக்கேற்றிய மாடக்குழியும் சாத்தாத கதவுமாகப் படம் எடுத்தார். காலையில் எடுக்கலாமே என்றேன். "நாளைக்கு எந்திரிக்க முடியுதோ என்னமோ. இப்பமே போட்டுருதேன்" என்றார். போட்டுவிட்டார்.

அக்காவை அழைக்கவில்லை. நாளை மறுநாள் ஞாயிறு.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று காலை ஐந்து இருபதுக்கு அப்பா இறந்தார். தூக்கத்தில். அம்மாதான் முதலில் தொட்டுப் பார்த்தாள்.

ஆறு நாற்பதுக்கு அக்காவை அழைத்தேன். சொன்னேன். அவள் நம்பவில்லை. "இப்பத்தானட்டி வாசலைப் பாத்தேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அப்பாவின் ஃபோன் என் மடியில் இருந்தது. பட்டியலில் 'திருநெல்வேலி', காலை 6.10. அப்பா இறந்து ஐம்பது நிமிடம் கழித்து.

கடைக்குப் போய்ப் போஸ்டரைத் திறந்தேன். தேதியை மாற்றினேன். 'மகள்' என்பதை 'மகள்கள்' ஆக்கி, காந்திமதி என்று முதலில் போட்டு, அதன்பின் என் பெயரைப் போட்டேன். இடம் போதுமானதாகவே இருந்தது. அண்ணாச்சி எல்லாக் குழுவிலும் போட்டார்.

யாரும் நம்பவில்லை. ஒரே படம், ஒரே சட்டை. தேதியை யார் உற்றுப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் டிப்போ குழுவில் யாரோ எழுதினார்: 'திரு. ஆவுடையப்பன் அவர்கள் நலமாக உள்ளார். வெளிவந்தது தவறான செய்தி. யாரும் பகிர வேண்டாம்.' அப்பாவே போட்ட 'நலம்' படத்தையும் அதன்கீழ் யாரோ சேர்த்தார். அதுவே எங்கள் போஸ்டரைவிட வேகமாகப் போனது. மறுப்பு நான் எழுதியது. பிழையே இல்லாமல் இருந்தது.

அண்ணாச்சி ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். முப்பது வருடம் தினமும் ஐந்நூறு பேரை ஏற்றி இறக்கிய மனிதருக்கு இருபத்தொரு பேர் வந்தார்கள். வேலாயுதம் மாமா வரவில்லை. இன்று காலை விஷயம் தெரிந்து ஓடி வந்து, காலியான கட்டிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று அக்கா மதுரை வரை விமானத்திலும் பிறகு காரிலுமாக, மூன்று மணிக்கு வந்தாள். வாசலில் நின்றுவிட்டாள். படியைப் பார்த்தாள், மாடக்குழியைப் பார்த்தாள், செம்பருத்தியைப் பார்த்தாள். ஆறு வருடமாகத் தினமும் பார்த்த இடத்தில் கால் வைக்கத் தெரியாமல் நின்றாள். அம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். ஐந்து மணிக்கு எடுத்தோம்.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மாதான் சொன்னாள். ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே, "அன்னைக்கே வந்திருக்கலாம்லட்டி நீ. போன வியாழக்கிழமையே இவகிட்ட உன்னை ஒரு நடை வரச் சொன்னாகளே" என்றாள்.

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமையா, என்றாள். அப்ப கரூர்ல நான் இறங்கும்போது அவுக எப்படி இருந்தாக, என்றாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினேன்.

"ஆறு வருசம் நீதான அவுக பக்கத்துல இருந்த. எனக்கு ரெண்டு நாள் குடுத்தா உனக்கு என்னட்டி குறைஞ்சிரும்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. எனக்கும் தெரியவில்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். தெரியும்.

மாலை கிளம்பினாள். பதினாறாம் நாளுக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னாள். அப்பாவின் ஃபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா பதினாறாம் நாளுக்கு வந்து போனாள். அம்மாவோடு பேசினாள். கடை எண்ணுக்கு இப்போது அழைப்பதில்லை, அம்மாவின் எண்ணுக்கு அழைக்கிறாள்.

போன வாரம் என் ஃபோனில் வாட்ஸ்அப் போட்டேன். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார். திங்கட்கிழமை முதல் காலை ஆறு மணிக்கு வாசலைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறேன். இன்று கோலமும் செம்பருத்தியும். என் நிழலும் விழுந்திருந்தது. அழிக்கவில்லை.

பார்த்தவர்கள் நான்கு பேர். அண்ணாச்சி, வேலாயுதம் மாமா, நூலகர், அம்மா.

ஏழு நாளும் அவர்கள்தான்.